38 ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதா, லைனையே மாற்றுவதா?

வாசகர் கேள்வி: சார், திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பேரூராட்சியிலும் அதை ஒட்டிய மூன்று கிராமங்களிலும் 1996 முதல் கேபிள் நடத்தி வருகிறேன். ஒரு காலத்தில் 1,150 இணைப்பு இருந்தது, இன்று 640. மெயின் லைன் 9 கிலோமீட்டர், அதில் சிக்னலைத் தூக்கிவிடும் ஆம்ப்ளிஃபயர் 38. கடைசித் தெருவுக்குச் சிக்னல் போக ஒன்பது ஆம்ப்ளிஃபயரைத் தாண்ட வேண்டும். மழை தூறினாலே அங்கே படம் கட்டம் கட்டமாக உடைகிறது. எல்லா ஆம்ப்ளிஃபயரையும் மோசமான கேபிளையும் மாற்றித் தர ஒருவர் நாலரை லட்சம் கேட்கிறார். வீட்டுக்கு வீடு ஃபைபர் போட 19 லட்சம் ஆகும், லோனும் வாங்கித் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். சேனல்களை மொத்தமாகத் தரும் எம்எஸ்ஓ கம்பெனிக்குக் கட்டியது, ஆட்கள் சம்பளம் எல்லாம் போக மாதம் 60,000 நிற்கும். அதிலும் ரிப்பேர், கரண்ட் என்று 14,000 போய்விடும். அமெரிக்காவிலேயே பெரிய கம்பெனிகள் பழைய கேபிளைத் தூக்கி எறியாமல் மேம்படுத்தித்தான் ஓட்டுகின்றன என்று என் பையன் சொல்கிறான். அவன் இசிஇ டிப்ளமா முடித்துவிட்டு என்னோடுதான் இருக்கிறான். எது சரி?

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு பேரிடமும் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆம்ப்ளிஃபயர் மாற்றுகிறேன் என்பவர் கேட்கும் நாலரை லட்சம் திரும்பி வராது. 19 லட்சக்காரர் சொல்லும் திசை சரி, ஆனால் அவர் சொல்லும் வேகத்தில் போனால் லைன் முடிவதற்குள் நீங்கள் முடிந்துவிடுவீர்கள். என் யோசனை இதுதான்: கோஆக்ஸ் (இப்போதிருக்கும் உலோகக் கம்பி கேபிள்) மெயின் லைனில், கடைசியில் சொல்லும் ஒரு துண்டைத் தவிர, இனி புதிதாக ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ஃபைபருக்கு மாறுங்கள், ஆனால் ரூட் ரூட்டாக, கையில் இருக்கும் காசுக்குள். வீட்டுக்குள் போகும் கடைசி வயர் இன்னும் சில வருடம் பழையதாகவே இருந்தாலும் பரவாயில்லை.

முதலில் உங்கள் பையன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மைதான். அமெரிக்க கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் 2023 அக்டோபரில் கொலராடோ ஸ்பிரிங்ஸ், அட்லாண்டா, ஃபிலடெல்ஃபியா நகரங்களில், கோஆக்ஸ் கேபிளிலேயே இணையம் தரும் டாக்ஸிஸ் தொழில்நுட்பத்தின் 4.0 பதிப்பைக் கொண்டுவரத் தொடங்கியது. வீட்டுக்குள் போகும் கோஆக்ஸ் அப்படியே இருக்கும். முனைகளிலும் வழியிலும் உள்ள கருவிகளை மாற்றி அதே கம்பியில் கீழ்நோக்கி, அதாவது வீட்டை நோக்கி, 10 ஜிகாபிட் வரை கொடுக்கலாம் என்பது அந்தத் தொழில்நுட்பத்தின் கணக்கு. அதே சமயம் பிரிட்டனில் வெர்ஜின் மீடியா ஓ2 நிறுவனம் தன் கேபிள் வலையமைப்பு முழுவதையும் 2028க்குள் ஃபைபராக மாற்றப் போவதாக 2021லேயே அறிவித்துவிட்டது. பெரியவர்களே ஆளுக்கொரு வழியில் போகிறார்கள். அதனால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைவிட, எதை வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நமக்குப் பயன்படும்.

அவர்களுடைய லைன் இரண்டு வழி. வீட்டிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்குத் திரும்பி வரும் பாதை ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரிலும் உண்டு. நடுவில், ஃபைபர் முடிந்து கோஆக்ஸ் தொடங்கும் பெட்டியான நோடு வரைக்கும் எப்போதோ ஃபைபர் போய்ச் சேர்ந்துவிட்டது. 1997ல் வந்த முதல் டாக்ஸிஸிலிருந்து 2006ல் 3.0, 2013ல் 3.1 என்று படிப்படியாக அந்தப் பாதையைப் பழக்கி வந்திருக்கிறார்கள். உங்கள் லைன் டிவிக்காக மட்டுமே போட்டது. சிக்னல் போகும், திரும்பாது. அதில் இணையம் கொடுக்க நினைத்தால் 38 ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு வழிக்கு மாற்ற வேண்டும். மாற்றினாலும் அந்தத் திரும்பும் பாதை ஓடுவது 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸுக்குள். மிக்ஸி, மோட்டார், பழைய டியூப்லைட் சோக் எல்லாம் இரைச்சலைக் கொட்டும் இடமே அதுதான். 640 வீட்டின் இரைச்சலும் புனலில் ஊற்றியதுபோல ஒரே இடத்தில் வந்து சேரும். ஒரு வீட்டில் கனெக்டர் லூசாக இருந்தால் அந்த ரூட்டே படுக்கும். காம்காஸ்டுக்கு மேம்படுத்துவது மலிவு என்றால் அது இருப்பதை மேம்படுத்துகிறது என்பதால்தான். இல்லாத ஒன்றை நீங்கள் மேம்படுத்த முடியாது. எப்படியும் புதிதாகத்தான் கட்டப் போகிறீர்கள். அதைக் கோஆக்ஸில் ஏன் கட்ட வேண்டும்?

சரி, டிவி மட்டும் போதும், இணையமே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது புது ஆம்ப்ளிஃபயர் நியாயமா? அந்த ஒன்பதாவது ஆம்ப்ளிஃபயருக்கு வாருங்கள். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும். வரிசையில் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தூரம் 3 டிபி (டெசிபல்) குறையும். ஒன்பதைத் தாண்டும்போது, முதல் ஆம்ப்ளிஃபயர் வாசலில் இருந்ததைவிட ஒன்பதரை டிபி மோசமாகிவிடும். ஆம்ப்ளிஃபயர் புதிதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அனலாக் காலத்தில் இது பெரிய விஷயமில்லை. படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், ஜனங்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். டிஜிட்டலில் அப்படி மெல்ல மெல்ல மங்காது. மீட்டரில் சிக்னலின் தரத்தைக் காட்டும் எம்இஆர் 30க்கு மேல் இருக்கும் வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். 25ஐ நெருங்கினால் கட்டம் கட்டமாக உடையும். இன்னும் இறங்கினால் நின்றுவிடும். உங்கள் கடைசித் தெரு எப்போதும் அந்த விளிம்பில்தான் நிற்கிறது. மழை அதைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

மழை எப்படித் தள்ளுகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். அந்தத் தெருவில், வீடுகளுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் பத்து வருடம் பழைய டேப் ஒன்றைக் கழற்றி, அதில் இருந்த கனெக்டருக்கு ஒரு சாண் பின்னால் கேபிளை வெட்டுங்கள். கருப்பு உறையைக் கீறிப் பிரித்தால், வெள்ளி மாதிரி மின்ன வேண்டிய அலுமினியப் பின்னல் விரலில் வெள்ளைப் பொடியாக ஒட்டும். வீட்டுக்குள் இறங்கும் ஆர்ஜி-6 டிராப் வயராக இருந்தால் நடுக்கம்பியையும் பாருங்கள். அது முழுத் தாமிரமில்லை. இரும்புக் கம்பிக்கு மேல் தாமிரப் பூச்சு. பூச்சு போன இடத்தில் துரு ஏறியிருக்கும். கனெக்டர் வழியாக இறங்கிய தண்ணீர் பின்னலுக்குள்ளேயே பயணம் செய்து, மீட்டர் கணக்கில் கேபிளைத் தின்றிருக்கும். அதனால்தான் கனெக்டரை மட்டும் மாற்றினால் ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி படுக்கிறது. 9 கிலோமீட்டரில் இப்படி எத்தனை இடம் என்பதை எந்த விற்பனையாளரும் மேலே ஏறிப் பார்த்துக் கொட்டேஷன் போட்டிருக்க மாட்டார்.

ஃபைபரின் கணக்கு வேறு. தெருவில் ஓடும் தடித்த ஆர்ஜி-11 கோஆக்ஸ் கேபிளில் மேல் சேனல்களின் அதிர்வெண்ணில் 100 மீட்டருக்கு 12, 13 டிபி போய்விடும். அதாவது நூறு மீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் மிச்சம். ஃபைபரில் டிவிக்கான 1550 நானோமீட்டர் ஒளி ஒரு கிலோமீட்டருக்குக் கால் டிபிதான் இழக்கும். உங்கள் 9 கிலோமீட்டரையும் ஒரே நீளமாக இழுத்துப் போட்டால்கூட இரண்டேகால் டிபி. 38 ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருக்கும் வேலையே அங்கே இல்லாமல் போகிறது.

கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் ஆம்ப்ளிஃபயர்கள் எங்கிருந்து கரண்ட் எடுக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியும். போஸ்ட் மரத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பிளக் பாயின்ட், அதற்குப் பதிலாக அந்த வீட்டுக்குக் கேபிள் இலவசம். அவர்கள் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போனால் அதற்கப்புறம் உள்ள மொத்தத் தெருவும் போய்விடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நான் உங்கள் பக்கத்தில்தான் சீரமைப்பு வேலையில் இருந்தேன். ஃபைபர், கோஆக்ஸ் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாம் தென்னை மரத்தோடு கீழே கிடந்தது. ஃபைபர் ரூட்டை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸ் போட்டோம். கன்ட்ரோல் ரூமில் ஜெனரேட்டர் ஓடியது. லைன் உயிரோடு வந்துவிட்டது. கோஆக்ஸ் ரூட்டையும் இழுத்துக் கட்டினோம். ஆனால் கரண்ட் பகுதி பகுதியாகத்தான் வந்தது. ஏழாவது, எட்டாவது ஆம்ப்ளிஃபயர் இருந்த தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது, ஜனங்கள் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், மூன்றாவது ஆம்ப்ளிஃபயர் இருக்கும் தெரு இன்னும் இருட்டு. அந்த ஒரு பெட்டிக்காகக் கூரை போன ஒரு வீட்டுத் திண்ணையில் கார் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்துக்கொண்டு இரண்டு இரவு காத்திருந்தோம். வீட்டுக்காரம்மா தனக்கே விளக்கு இல்லாதபோது அந்த இன்வெர்ட்டரில் போனுக்குச் சார்ஜ் போட்டுத் தரச் சொன்னார். டெல்டாவில் லைன் நடத்துபவர்கள், வழியில் கரண்ட் தேவைப்படாத வலையமைப்பு என்றால் என்ன என்பதை அந்த மாதிரி நாட்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இப்போது 19 லட்சம். 12 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 42,000 வரும். உங்கள் கையில் நிற்பது 60,000. ரிப்பேர் செலவு பாதியாகக் குறைந்தாலும் வீட்டுக்கு 11,000தான் வரும். அதற்குள் இன்னும் நூறு பேர் இணைப்பைத் துண்டித்தால்? 1,150 பேர் 640 ஆனது படம் உடைந்ததால் மட்டுமில்லை. போனில் எல்லாம் வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் வந்தது, 2023ல் கம்பியே இல்லாமல் ஏர்ஃபைபர் வந்தது. அங்கே போனவர்கள் இணையத்துக்காகப் போனார்கள், டிவி அதோடு சேர்ந்து போனது. ஆகவே டிவிக்காக மட்டும் ஃபைபர் போட்டால், போகிறவர்களை நிறுத்தாத ஒரு வேலைக்கு 19 லட்சம் செலவழித்ததாக ஆகும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி அன்றைய நெட்வொர்க் கட்டணமான 130 ரூபாயில் எம்எஸ்ஓவுக்கு 55, ஆபரேட்டருக்கு 45 சதவீதம் என்பதுதான் பொதுவான பங்கு. அந்தக் கணக்கில் உங்கள் பங்கு 58 ரூபாய் 50 காசு. இந்த வருமானத்தை நம்பி வீட்டுக்கு 3,000 ரூபாய் கடன் ஏற்றக் கூடாது. இணையம் எடுக்கும் வீட்டுக்கு ஏற்றலாம்.

ஆகவே வேலையை இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபயர்காரர் கேட்ட அதே நாலரை லட்சத்தை உச்ச வரம்பாக வையுங்கள். அதற்குள் இரண்டு ரூட் மட்டும்: ஒன்று கடைத்தெரு வழியாகப் போகும் மெயின் ரோடு, இன்னொன்று அந்த ஒன்பது ஆம்ப்ளிஃபயர் ரூட். மெயின் ரோட்டில் 24 கோர் (24 கண்ணாடி இழை உள்ளது), கிளையில் 12 கோர் ஃபைபர் இழுங்கள். இப்போது தேவை நான்கு கோர்தான் என்று சொல்லிக் குறைக்கப் பார்ப்பார்கள். கேட்காதீர்கள். ஏணி, ஆள் கூலி, கட்டும் கம்பி எல்லாம் 4 கோருக்கும் 24 கோருக்கும் ஒன்றுதான். இரண்டாவது தடவை ஏறுவதுதான் செலவு.

டிவி மட்டும் பார்க்கும் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஃபைபர் வேண்டாம். தெரு முனையில் 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் ஒரு சின்ன ஆப்டிகல் நோடு வையுங்கள், அதோடு ஒரு சின்ன பேட்டரி. அதிலிருந்து இருக்கும் டேப், இருக்கும் டிராப் வயர். நோடுக்குப் பிறகு ஆம்ப்ளிஃபயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. ஒரு தெருவுக்கு ஒரு நோடு போதாவிட்டால் இரண்டு வையுங்கள். இப்படிச் செய்தாலே ஒன்பது ஆம்ப்ளிஃபயர் வரிசை பூஜ்யமாகிவிடும். நல்ல நிலையில் உள்ள ஆர்ஜி-11 துண்டுகளும் வீணாகாது. தெருவுக்குள் உள்ள கோஆக்ஸை இன்னும் மூன்று நான்கு வருடம் ஓட்டலாம்.

இணையம் கேட்கும் வீட்டுக்கு மட்டும் அதே ஃபைபரிலிருந்து ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்து டிராப் இறக்கி, வீட்டில் வைக்கும், டிவி அவுட் உள்ள ஓஎன்யூ பெட்டி கொடுங்கள். கீழே வரும் இணையம் 1490, மேலே போவது 1310, டிவி 1550 நானோமீட்டர். மூன்றும் ஒரே இழையில் இடிக்காமல் போகும். ஓஎன்யூவின் டிவி துளையிலிருந்து பழைய செட்டாப் பாக்ஸுக்கு ஒரு துண்டு வயர், அவ்வளவுதான். பாக்ஸ் மாற்ற வேண்டாம், எம்எஸ்ஓவோடு தகராறு வேண்டாம். 19 லட்சக்காரர் இதை உங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

கன்ட்ரோல் ரூமில் இருந்து ஃபைபரில் இணையத்தை ஏற்றும் ஓஎல்டி கருவி வாங்கும்போது, ஈபான், ஜிபான் என்ற இரண்டு வகையில் ஜிபான் வாங்குங்கள் என்பேன். ஒரு போர்ட்டில் 2.5 ஜிகாபிட் கீழே, 1.25 ஜிகாபிட் மேலே. நாளைக்கு 10 ஜிகாபிட் எக்ஸ்ஜிஎஸ்-பான் வேண்டுமென்றால் அது வேறு அலைநீளத்தில் அதே ஃபைபரில் ஓடும். ஊரில் உள்ள ஸ்ப்ளிட்டரைத் தொட வேண்டியதில்லை. ஒரு போர்ட்டை 64 வீடாகப் பிரிக்கலாம். ஆனால் 40, 45 வீட்டோடு நிறுத்தித் திட்டமிடுங்கள். புது வீடு எப்போதும் ஸ்ப்ளிட்டர் நிறைந்த இடத்தில்தான் வரும்.

கணக்கை ஒரு தடவை தாளில் போட்டுப் பாருங்கள், பையனையும் போடச் சொல்லுங்கள். ஓஎல்டியிலிருந்து +3 டிபிஎம் (ஒளியின் சக்தி அளவு) வருகிறது. எட்டாகப் பிரித்து மறுபடி எட்டாகப் பிரித்தால் பத்தரையும் பத்தரையும் 21 டிபி. 4 கிலோமீட்டர் ஃபைபர் 1.4. நான்கு கனெக்டருக்கு 2. ஸ்ப்ளைஸ் ஆறுக்கு 0.6. மொத்தம் 25. வீட்டில் -22 டிபிஎம் கிடைக்கும். ஓஎன்யூ -27 வரை தாங்கும் என்பதால் 5 டிபி கையிருப்பு. அந்த 5 டிபியைக் கொட்டேஷன் போடுபவர்கள் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைக்கோல் லாரி அறுத்த இடத்தில் போடும் ஒவ்வொரு ஜாயின்டுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டிவிக்கு, ஒளியைப் பெருக்கும் இடிஎஃப்ஏ கருவியின் போர்ட்டில் +20 வைத்தால் இதே இழப்புகளுக்குப் பிறகு வீட்டில் -5 சுற்றி வரும். -8க்குக் கீழே போகவிடாதீர்கள்.

அந்த +20 என்பது நூறு மில்லிவாட் லேசர். கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா பார்ப்போம் என்று ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கும் பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. கோஆக்ஸ் காலத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. இங்கே கண்ணின் முன்பக்கம் இருக்கும் கார்னியா படலம் போகும். பவர் மீட்டர் இல்லாமல் யாரும் முனையைத் தொடக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் அடிக்கும் பேனா உடைந்த இடம் தேடத்தான்; அதையும் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது.

ஃபைபர் கனெக்டர் எல்லாம் பச்சை, அதாவது முனையைச் சாய்வாகத் தேய்த்த வகை, வாங்குங்கள். நேராகத் தேய்த்த நீலத்தைப் பச்சையோடு சொருகினால் சொருகிக்கொள்ளும், இணையமும் ஓடும், ஆனால் முனைகள் சரியாகப் பொருந்தாமல் ஒளி திரும்பி அடித்து டிவி படத்தைக் கெடுக்கும். மாதக் கணக்கில் காரணம் தேடி அலைந்திருக்கிறேன். இன்னொன்று, வளைவு. 1550 ஒளிக்கு வளைவு ஆகாது. ஆகவே இணையம் நன்றாக ஓடிக்கொண்டிருக்க டிவி மட்டும் போய்விட்டது என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால், பாதி நேரம் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் யாரோ வயரை மடித்து அழுத்தி வைத்திருப்பார்கள். வீட்டு டிராப்புக்கு ஜி.657ஏ2 என்று அச்சிட்ட வயர் வாங்குங்கள். அது ஏழரை மில்லிமீட்டர் ஆரம் வரை வளைவைத் தாங்கும். மெயின் லைனுக்கு ஜி.652டி போதும்.

அணில் ஃபைபரைக் கடிக்கும், அதற்கு நல்ல மருந்து எதையும் நான் பார்க்கவில்லை. தென்னை மட்டை விழும் ரூட்டிலும், அறுவடை மெஷின் ஏறும் வயல் முக்கிலும் 10 மீட்டர் சுருள் விட்டுக் கட்டுங்கள். இழுத்து ஜாயின்ட் போட நீளம் இருக்கும். பழைய கோஆக்ஸ் செத்த பிறகு அதை இறக்கிவிடுங்கள். செத்த கேபிளின் சுமையையும் போஸ்ட் மரம்தான் தாங்குகிறது. மின்வாரியத்தில் ஆள் வந்து அறுக்கும்போது உயிருள்ளது எது, செத்தது எது என்று பார்த்து அறுக்க மாட்டார்கள். போஸ்ட் மரத்தில் கட்டுவதற்கான அனுமதியையும் புது ரூட் போடும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இணையம் யார் பெயரில் கொடுப்பது என்பது தொழில்நுட்பத்தைவிட முக்கியம். கேபிள் பதிவை வைத்துக்கொண்டு இணையம் விற்க முடியாது. அதற்கு மாவட்ட அளவில் சி பிரிவு ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவன) உரிமம் நீங்களே எடுக்க வேண்டும், அல்லது உரிமம் உள்ள ஒருவரோடு சேர வேண்டும். 640 இணைப்புக்குச் சேர்வதுதான் சரி. பிஎஸ்என்எல் கேபிள் ஆபரேட்டர்களைப் பங்குதாரர்களாகச் சேர்க்கிறது; தனியார் ஐஎஸ்பிகளும் உண்டு. யாரோடு சேர்ந்தாலும், ஊருக்குள் போட்ட ஃபைபர் உங்களுடையது, ஓஎல்டி யாருடையது, விலகினால் வாடிக்கையாளர் யாரிடம் இருப்பார் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் வேலையை மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட் செய்கிறது. உங்கள் மூன்று ஊராட்சி அலுவலகங்களிலும் அந்தப் பெட்டி வந்து உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்களுக்கு வரும் பேண்ட்விட்த்துக்கு அது இன்னொரு வழியாகலாம்.

பக்கத்து ஊர் ஆபரேட்டரிடமும் பேசிப் பாருங்கள். கேரளத்தில் சின்னச் சின்ன ஆபரேட்டர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் கேரளா விஷன். இன்று நாட்டின் பெரிய கம்பிவழி இணைய நிறுவனங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. அதற்கான காசு அவர்களில் எவரிடமும் தனியாக இருந்ததில்லை. நீங்களும் பக்கத்து ஊர்க்காரரும் எல்லைத் தெருவுக்காகப் பத்து வருடம் சண்டை போட்டிருக்கலாம். ஒரு ஸ்ப்ளைஸிங் மெஷின், ஃபைபர் எங்கே அறுந்தது என்று காட்டும் ஒரு ஓடிடிஆர் இரண்டையும் பொதுவில் வாங்குவதிலிருந்து தொடங்கலாம். மெஷின் வருடத்தில் பாதி நாள் பெட்டிக்குள்தான் இருக்கும்.

இதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தருவது உங்கள் பையன் கூடவே இருப்பதுதான். டிப்ளமா படித்த பையன் ஊரிலேயே தங்கி அப்பாவின் லைனைப் பார்க்கிறான் என்று எழுதும் ஆபரேட்டர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஸ்ப்ளைஸ் வேலையை வெளியாளுக்கு விடாதீர்கள். பையனையும், உங்களிடம் அதிக வருடம் இருக்கும் லைன்மேனையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இருபது வருடம் கம்பம் ஏறிய ஆள் ஒரு வாரத்தில் சுத்தமாக ஸ்ப்ளைஸ் போடக் கற்றுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் எந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்தவர் அவர்தான்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் இரண்டு வேலை முடிக்க வேண்டும், இரண்டுக்கும் காசு வேண்டாம். ஒன்று, பையன் ஒரு நோட்டோடு 640 வீட்டுக்கும், விட்டுப்போன 510 வீட்டுக்கும் போகட்டும். மாதம் இணையத்துக்கு இப்போது எவ்வளவு செலவாகிறது, நம்மிடம் கிடைத்தால் எடுப்பீர்களா என்ற இரண்டே கேள்வி. தெரு வாரியாக எண்ணிக்கை வரட்டும். எந்த ரூட் முதலில் என்பதை அந்த நோட்டே முடிவு செய்யும், நான் மேலே சொன்ன இரண்டு ரூட் மாறினாலும் மாறலாம். இரண்டாவது, அந்த ஒன்பது ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொன்றின் வாசலிலும் எம்இஆர் எவ்வளவு என்று வெயில் நாளில் ஒரு தடவை, மழை பெய்யும்போது ஒரு தடவை எழுதி வையுங்கள். எந்த இரண்டு பெட்டிக்கு நடுவில் எண் திடீரென்று விழுகிறதோ, அங்கே உள்ள ஒரு துண்டு கேபிளை மட்டும் இந்த மழைக்காலத்துக்காக மாற்றிக்கொள்ளுங்கள். பழைய லைனுக்கு நீங்கள் செய்யும் கடைசிச் செலவு அதுவாக இருக்கட்டும். இரண்டு தாளையும், கையால் வரைந்த ரூட் படம் ஒன்றையும் அனுப்புங்கள். ஸ்ப்ளிட்டர் எந்தெந்தப் போஸ்ட் மரத்தில் வர வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.